செம்மண் மேட்டுல என் மொத வேலை

1974ல எனக்கு 19 வயசு. குயிலாப்பாளையத்துலருந்து மம்முட்டிய தோள்ல போட்டுகிட்டு, பாண்டிச்சேரி பக்கத்துல வெளிநாட்டுக்காரங்களும் சேந்து உண்டாக்கின ஆரோவில்ல மரம் நடற வேலைக்கு போனேன், அதான் நான் கூலி வாங்கின மொத வேலை. ஹிப்பிங்ககிட்டயா வேலைக்கு போறன்னு ஊர்ல கேக்காத ஆளில்ல. முடி தோள் வரைக்கும் தொங்கும், கழுத்துல பாசிமணி, ஆம்பளைங்க பாதி பேரு எங்க தாத்தா மாதிரியே கோமணத்தோட திரிவாங்க, பொழுது சாஞ்சா கடல்ல விழுந்து குளிச்சிட்டு கரையில உக்காந்து கிட்டார் வாசிப்பாங்க. பாரிஸ்லருந்து வேன்லயே ரோடு வழியா வந்து சேந்தவங்களும் உண்டு. ஆனா ஹிப்பின்னு சொன்னா அவங்கள்ல பல பேருக்கு வருத்தமா இருக்கும், நாங்க இங்க ஒரு வேலையா வந்திருக்கோம்னு சொல்லுவாங்க, கூட நின்னு மண்ணு வெட்டினவன் நான், அது நெசம்.

1968 பிப்ரவரி 28 அன்னிக்கு ஆரோவில் தொறப்பு விழாவுக்கு அப்பா என்னை கூட்டிட்டு போனாரு. 124 நாட்டு மண்ண கொண்டாந்து தாமரை மொட்டு மாதிரி ஒரு பளிங்கு தாழியில போட்டாங்க. நம்ம மண்ணே நிக்காம ஓடுது, இதுல வெளிநாட்டு மண்ணு வேறயான்னு அப்பா சொன்னாரு. அவரு சொன்னது சரிதான், அப்ப அந்த மேட்டுல பனைய தவிர கண்ணுக்கு எட்டின வரைக்கும் பொட்டல், ஐப்பசி கார்த்திகை மழையில செம்மண்ணு பள்ளம் பள்ளமா அறுத்துகிட்டு ஓடி பொம்மையார்பாளையம் பக்கம் கடலே செவப்பா கெடக்கும். மல்லாட்ட, அதான் வேர்க்கடலை, போட்டா வெதை கூட திரும்பாது. அக்கா கல்யாணத்துக்கு அப்பா எங்க கொல்லி நெலத்த வித்தாரு, இஷ்டப்பட்டு தான் வித்தாரு, கடைசில அது ஆரோவில் கைக்கு போச்சு, பத்து வருஷம் அவரு ஏர் ஓட்டின அதே கொல்லில தான் நான் கூலிக்கு குழி வெட்டினேன். மொத நாளு கடப்பாரைய போடறப்ப கை கொஞ்சம் தயங்குச்சு.

குழி ரெண்டடி நீளம் ரெண்டடி அகலம் ரெண்டடி ஆழம், எரு போட்டு கன்னு வச்சு, வெயில் படாம பனை ஓலை குத்தி, ஆடு கடிக்காம முள்ளு கட்டணும். தண்ணி மாட்டு வண்டில பீப்பாயில வரும், ஒரு கன்னுக்கு ஒரு சொம்பு. ஆடெல்லாம் எங்க ஊரு ஆடு, அதனால நான் தான் ரெண்டு பக்கமும் திட்டு வாங்குவேன். மேஸ்திரின்னு ஒருத்தர் கெடையாது, எங்க கூட இருந்த பிரெஞ்சுக்காரர் காலைல எங்களுக்கு முன்னாடியே வந்து வெட்ட ஆரம்பிச்சிருப்பாரு, கை பூரா கொப்பளம், பேர் சொல்லியே கூப்புடுன்னாரு, எனக்கு வாய் வரல, கடைசி வரைக்கும் அண்ணான்னு தான் கூப்ட்டேன்.

ஒரு நாள் ராத்திரி கொட்டற மழையில என் குடிசைக்கு வந்து எழுப்பினாரு. கரை ஒடஞ்சிடுச்சு போலன்னு மம்முட்டியோட ஓடினா, அவரு டார்ச்ச தரையில அடிச்சு தண்ணி எந்த பக்கம் போவுதுன்னு பாரு, சும்மா பாருன்னாரு. ஒரு சருக எடுத்து தண்ணில போட்டு அது போற வழியிலயே ரெண்டு பேரும் நடந்தோம், எங்க வேகமா போவுதோ அங்க ஒரு கல்லு, எங்க சுத்துதோ அங்க ரெண்டு கல்லு, விடிய விடிய இதான். மறுநாள் கல்லு வச்ச எடத்துல எல்லாம் வரப்பு போட்டோம். அதுக்கப்புறம் 40 வருஷம் எத்தனையோ ஊர்ல நாத்துப்பண்ண, காடு வளக்கற வேலை பாத்தேன், எங்க போனாலும் மொத மழைக்கு நான் டார்ச்சோட தான் நிப்பேன்.

அப்ப நட்டதுல பாதி ஆஸ்திரேலியா அக்கேசியா, ஆரோவில்ல அதுக்கு பேரே ஒர்க் ட்ரீ. சீக்கிரம் வளந்து நெழல் குடுக்கும், அந்த நெழல்ல தான் பின்னாடி கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு மாதிரி எடத்துலருந்து வெதை பொறுக்கியாந்து நம்ம ஊரு மரங்கள வச்சாங்க. 2011 டிசம்பர்ல தானே புயல் அடிச்சப்ப அக்கேசியா சரிஞ்சு சரிஞ்சு விழுந்துது, நான் போய் பாத்து அழுதுட்டேன். அடில கருங்காலி, வீரை எல்லாம் அப்டியே நின்னுது.

போன மாசம் பேரன கூட்டிட்டு அப்பா கொல்லி எதுன்னு காட்ட போனேன். கண்டுபுடிக்கவே முடியல, எல்லாம் ஒரே காடு. எல்லைக்கு அப்பா வச்ச பனை ஒண்ணு இருக்கணுமேன்னு தேடி தேடி, ஒரு வழியா கொடி சுத்தின அடிமரத்த கையால தடவி தான் கண்டுபுடிச்சேன், அண்ணாந்து பாத்தா எலைக்கு நடுவுல ரெண்டு மட்டை தான் தெரிஞ்சுது.