எட்டணா குறையுது அம்மிணி

ஜூலை 21, 2024, ஞாயிறு

லேப்டாப்பில் கோலன் பட்டன் இன்றைக்கு முழுசாகவே போய்விட்டது. புரோகிராம் எழுதும் மொழியான பைத்தானில் இஃப் போட்டாலும் ஃபார் போட்டாலும் வரிக் கடைசியில் அந்த இரண்டு புள்ளி இல்லாமல் ஒரு அடி நகராது. பழைய ஃபைலிலிருந்து ஒரு கோலனைக் காப்பி எடுத்துக்கொண்டு நாள் முழுக்க அதையே ஒட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் வேறெதையாவது காப்பி செய்தால் போச்சு, மறுபடி கோலன் தேடணும். செகண்ட்ஸ் பனியன் விற்கிற ஊரில் செகண்ட்ஸ் லேப்டாப் வாங்கினால் இப்படித்தான் என்கிறான் தம்பி.

ஜூலை 24, புதன்

கம்பெனி டெய்லர்களின் சம்பளக் கணக்கைப் பைத்தானில் எழுதிப் பார்க்கிறேன். ஒன்றிலிருந்து பத்துவரை எண்ண ரேஞ்ச் 1, 10 என்று கொடுத்தால் 9உடன் நின்றுவிடுகிறது. பத்தாவது டெய்லருக்குச் சம்பளமே வரவில்லை. இரவு 11.40.

ஜூலை 27, சனி

சம்பள நாள். எக்செல்லை மூடி வைத்துவிட்டு முதல்முறையாக என் புரோகிராமில் கணக்குப் போட்டேன். ஓனர் அண்ணனிடம் சொல்லவில்லை. 38 பேர், பீஸ், ரேட், அட்வான்ஸ் பிடித்தம், எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. வழக்கமாக மதியச் சோற்றைத் தள்ளிப்போட்டுச் செய்கிற வேலை. பெருமை தாங்காமல் கவர்களைக் கொடுத்து முடித்தேன், ஆறரை மணிக்கு ஓவர்லாக் தையல் மிஷின் அக்கா திரும்பி வந்தார். "எட்டணா குறையுது அம்மிணி."

681 பீஸ், ரேட் 4.50. வரவேண்டியது 3064.50. எப்போதும் 3065 ஆக்கித்தான் கொடுப்போம். கவரில் 3064. பக்கத்து மிஷின்காரிக்கு 683 பீஸ், 3073.50, அவளுக்கு மட்டும் 3074 போயிருக்கிறது. "அவளுக்கு ஏத்திப் போட்டு எனக்கு எறக்கிப் போட்டியாக்கும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனாலும் எனக்கு முகம் எரிந்தது. என் பர்ஸிலிருந்து ஒரு ரூபாய் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

ஜூலை 28, ஞாயிறு

தப்பு என்னுடையதுதான், ஆனால் நான் நினைத்த தப்பு இல்லை. பைத்தானில் ரவுண்ட் என்று போட்டால் சரிபாதி வரும்போது பக்கத்திலிருக்கும் இரட்டைப்படை எண்ணுக்குப் போகுமாம். 2.5 என்றால் 2. 3.5 என்றால் 4. அதனால்தான் 3064.50 கீழே இறங்கியது, 3073.50 மேலே ஏறியது. 2008இல் வந்த பைத்தான் 3இலிருந்து இப்படி, அதற்கு முன்னால் நாம் பள்ளியில் படித்த மாதிரி மேலேதான் போகும். எப்போதும் மேலேயே ஏற்றினால் ஆயிரக்கணக்கான தொகையைக் கூட்டும்போது மொத்தம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் என்பதுதான் காரணமாம். நியாயம்தான். ஓவர்லாக் அக்காவுக்கு என்ன நியாயம்?

டெசிமல் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதில் பாதி வந்தால் மேலே ஏற்று என்று நாமே சொல்லலாம். ரேட்டை மேற்கோள் குறிக்குள் எழுத்தாகக் கொடுக்கணும். சும்மா எண்ணாகக் கொடுத்தால் 0.1கூட உள்ளே சரியாக 0.1 ஆக இருப்பதில்லை. 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பார்த்தேன், 0.30000000000000004. பத்து வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன், இதைப் பார்த்ததும் கொஞ்சம் பயமாக இருந்தது.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. எல்லாக் கவரும் சரி. அக்கா இரண்டு தடவை எண்ணிவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். கோயமுத்தூரில் புரோகிராம் எழுதும் வேலைக்கு இன்டர்வியூ இருக்கும் விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். "ஆடியில ஒண்ணுக்கும் சரின்னு சொல்லீராத கண்ணு, ஆவணி பொறக்கட்டும்."

ஆகஸ்ட் 7, புதன்

தூக்கம் வரவில்லை. ஒரு சொல்லைத் திருப்பிப் போட்டாலும் அதேதானா என்று பார்க்கிற பயிற்சி, எல்லாப் பாடத்திலும் வருகிறது. நமக்குத்தான் விகடகவி இருக்கிறதே என்று அதைக் கொடுத்தேன். இல்லை என்கிறது! மூன்று தடவை ஓட்டினேன். இல்லை, இல்லை, இல்லை. எத்தனை எழுத்து என்று கேட்டால் 7 என்கிறது. விரல்விட்டு எண்ணினால் ஐந்துதான். வி, க, ட, க, வி.

அப்புறம் புரிந்தது. அதற்கு ‘வி’ என்பது ஒரு எழுத்து இல்லை, வ தனி, கொக்கி தனி. திருப்பும்போது கொக்கியும் தனியாகத் திரும்புகிறது. திரையில் முதலில் ஒரு அநாதைக் கொக்கி, பிறகு வகடகிவ. வ-வின் கொக்கி போய் க-வின் தலையில் உட்கார்ந்துவிட்டது. கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற யூனிகோடில் உயிருக்கும் ஆய்தத்துக்கும் க, ங, ச மாதிரி அகரம் ஏறியதற்கும்தான் தனி இடம், மற்ற உயிர்மெய்யையும் மெய்யையும் இப்படித் துண்டுகளை ஒட்டித்தான் காட்டுகிறார்கள். ‘தமிழ்’ என்பதே அதற்கு 5. புள்ளியையும் ஒன்றாக எண்ணுகிறது.

கொக்கியோ காலோ கொம்போ புள்ளியோ வந்தால் முன்னால் இருப்பதோடு சேர்த்துவிடு, பிறகு திருப்பு. ஒன்பது வரி. மணி 1.20. ஆம் என்றது. எழுப்பிச் சொல்ல வீட்டில் யாருமில்லை, அம்மாவை எழுப்பினால் திட்டுவார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

கோயமுத்தூருக்கு அவிநாசி வழி பஸ், நின்றுகொண்டே. உடம்பு சரியில்லை என்று லீவு சொல்லியிருந்தேன், பஸ்ஸில் தெரிந்தவர்கள் யாரும் ஏறிவிடக் கூடாதே என்று அவிநாசிவரைக்கும் தலை குனிந்தே வந்தேன். இன்டர்வியூவில் எதிரில் உட்கார்ந்த பையனுக்கு இருபத்துநாலு இருக்கும். எனக்கு 29. காகிதத்தைக் கொடுத்து, திருப்பிப் போட்டாலும் மாறாத சொல்லைக் கண்டுபிடிக்க எழுதச் சொன்னான். கோலனைப் பேனாவால் வைத்தேன், அப்படி ஒரு சுகம். எழுதி முடித்து, தமிழில் கொடுத்தால் இது தப்பாகப் போகும் சார் என்று விகடகவிக் கதையைச் சொன்னேன். லேப்டாப்பைத் திருப்பி அவனே ஓட்டிப் பார்த்தான். "ஆமாங்க்கா" என்றுவிட்டு உடனே "சாரி, மேடம்" என்றான்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

கோயமுத்தூரில் முதல் ஆறு மாதம் சம்பளம் 12,000. இப்போது வாங்குவது 19,000. ஆறு மாதத்துக்கு 42,000 துண்டு விழும், பஸ் செலவு தனி, தம்பி ஃபீஸ் தனி, அப்பா மாத்திரை தனி, இதெல்லாம் எனக்குத் தெரியாததா, இந்தக் கணக்கைப் போட பைத்தான் வேண்டாம். இரண்டு வருஷம் வேலையை விடக் கூடாது என்று பாண்டு, ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை அவர்களே வைத்துக்கொள்வார்கள் என்று ஹெச்.ஆர். பொண்ணு வாசல்வரை வந்து மெதுவாகச் சொன்னாள். எதற்கு வாசலில் சொல்லணும், உள்ளே வைத்துச் சொல்லக் கூடாதா? ஆறு மாதம் கழித்துப் போ என்றால் என் பி.காம். யாரிடம் இருக்கும்?

ஆகஸ்ட் 15, வியாழன்

லீவு. மெயிலை எத்தனை தடவை திறந்தேன் என்று எண்ணவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி பிறந்துவிட்டது. மெயில் வரவில்லை. சம்பளம் போடும்போது ஓனர் அண்ணன் பின்னால் வந்து நின்றுவிட்டார். கறுப்புத் திரையில் எண்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டு "இது என்ன, ஹேக்கிங்கா?" என்றார்.

ஆகஸ்ட் 21, புதன்

வேலை மெயில் வந்துவிட்டது. சேர வேண்டியது செப்டம்பர் 2, திங்கள், காலை 9.30. சர்டிஃபிகேட் பற்றி ஒரு வரி இல்லை. ஜெராக்ஸ் மட்டும் கொடுத்தால் போதுமா என்று கேட்டுப் பதில் எழுதினேன். அதில் ‘மதிப்பிற்குரிய ஐயா’வுக்குப் பிறகு கோலனை ஒட்ட மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

பதில் இல்லை. நாளைக்குக் கவர் போடணும். ஓனர் அண்ணன் டீ குடித்துக்கொண்டே கேட்டார், "ஏம்மிணி, நீ இல்லாதப்ப இதை யாரு ஓட்டறது?" நான் இன்னும் அவரிடம் ஒன்றுமே சொல்லவில்லை.