போட்டுக்குப் போகவா, படிக்கவா?

மீன்பிடித் தடைக்காலம் முடிய நாலு நாள் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பாம்பன் பையன் ஒருவன் என் எதிரில் வந்து உட்கார்ந்தான். விரல் மடிப்பில் வலைக்கயிறு அறுத்த தழும்பு. "அப்பா போட்டுக்கு வரச் சொல்றார். போகவா டீச்சர், படிக்கவா?"

இதே கேள்வியோடு நின்ற இளைஞர்களுக்காகத்தான் 1908இல் பாஸ்டனில் ஃபிராங்க் பார்சன்ஸ் தொழில் வழிகாட்டி நிலையம் திறந்தார். உன்னை அறி, வேலையை அறி, இரண்டையும் பொருத்திப் பார் என்பதே அவர் வழி. அதே ஆண்டு இறந்துவிட்டார். 1942இல் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ், அறிவுரையை நிறுத்திவிட்டு எதிரில் இருப்பவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கச் சொன்னார். என்னை மாற்றியவர் அவர்தான். 1957இல் சோவியத்தின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் பறந்ததும், அறிவியலில் பின்தங்கிவிட்டோமோ என்ற பதற்றத்தில் அமெரிக்க அரசு பள்ளி ஆலோசகர் பயிற்சிக்குப் பணம் ஒதுக்கியது. நம் நாட்டுக் கல்வியை ஆராய்ந்த கோத்தாரி குழுவும் 1966 அறிக்கையில் வழிகாட்டலைக் கல்வியின் பகுதி என்றது. ஆனால் எங்கள் கரையில் இன்னும் பல பிள்ளைகள் சொல்வதைக் கேட்க ஆளில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

சரி, அன்று நான் வாயை மூடிக்கொண்டேன். அவன் பேசினான். இன்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்வானாம். டீசல் பம்ப்பைக் கழற்றி மாட்டியதை அரை மணி நேரம் கையாலேயே செய்து காட்டினான். பாலிடெக்னிக் விண்ணப்பத்தை எடுத்து மேசையில் வைத்தேன். மறுநாள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தான்.