எந்தக் கணினியின் கடவுச்சொல்?

கொழும்பில் வீடு வீடாகச் சென்று கணினி திருத்தும் தொழிலில் இருக்கும் நான், ஒரு விண்டோஸ் கணினியில் பகிர்ந்த கோப்புறை வீட்டிலுள்ள இன்னொரு கணினியிலிருந்து திறக்கவில்லை என்று யாராவது அழைத்தால், திரையில் வந்த செய்தியை அப்படியே வாசிக்கச் சொல்லித்தான் தொடங்குவேன். 0x80070035 என்ற எண் வந்திருந்தால் இரு கணினிகளும் இன்னும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. பெரும்பாலும் வைஃபை இணைப்பு, மற்றக் கணினிகளுக்குத் தன்னைக் காட்டாத ‘பொது’ வகையில் கிடக்கும். கடவுச்சொல் கேட்கும் பெட்டி வந்துவிட்டதென்றால் பாதை சரி. ரவுட்டரை அணைத்து அணைத்துப் போடுவதால் ஒரு பயனும் இல்லை.

அந்தப் பெட்டி கேட்பது, கோப்புறை இருக்கும் கணினியிலுள்ள கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும். அநேகர் தம் மடியில் இருக்கும் கணினியின் கடவுச்சொல்லை இடுவார்கள்; வைஃபை கடவுச்சொல்லை இடுபவர்களும் உண்டு. வெள்ளவத்தையில் உயர்தர மாணவருக்கு இரசாயனவியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் சரியான கணினியைத்தான் நினைத்திருந்தார். “காலமை இந்த நாலு இலக்கத்தைப் போட்டுத்தானே தம்பி திறந்தனான், இப்ப ஏன் பிழை எண்டு சொல்லுது?” என்று கேட்டார். “அது பின் நம்பர், ரீச்சர். அந்த மெஷினுக்கு முன்னால இருந்தால் மட்டும்தான் வேலை செய்யும்” என்றேன். வலையமைப்பு வழியாக வருபவர் மைக்ரோசொப்ட் கணக்கின் மின்னஞ்சலையும் முழுக் கடவுச்சொல்லையும் தர வேண்டும்; அதை ஒருமுறை இட்டு மறந்தவர்களே அதிகம். கடவுச்சொல்லே இல்லாத கணக்கையோ விண்டோஸ் வெளியிலிருந்து இயல்பாக நுழைய விடுவதில்லை.

ஆகவே கோப்புறை உள்ள கணினியில் பகிர்வுக்கென்றே கடவுச்சொல்லுடன் ஓர் உள்ளூர்க் கணக்கை, அதாவது மின்னஞ்சல் தேவைப்படாத, அந்தக் கணினிக்கு மட்டுமான கணக்கை உருவாக்கி, பெட்டியில் கணினிப் பெயர், பின்சாய்கோடு (\), கணக்குப் பெயர் என்ற வரிசையில் எழுதச் செய்வேன். அதற்கு முன், மற்றக் கணினியில் விண்டோஸ் கடவுச்சொற்களைச் சேமித்துவைக்கும் கிரெடென்ஷியல் மனேஜரில் தங்கியிருக்கும் பழைய பதிவை அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் கேட்காமலே பழைய கடவுச்சொல்லை அனுப்பிக்கொண்டிருக்கும். சரியாக நுழைந்த பிறகும் ‘அனுமதி இல்லை’ என்று வந்தால் கடவுச்சொல்லைக் குறை சொல்ல ஏதுமில்லை. கோப்புறையின் பண்புகளில் பகிர்வுக்கு ஓர் அனுமதியும் பாதுகாப்புக்கு இன்னோர் அனுமதியும் இருக்கின்றன. இரண்டில் இறுக்கமானதே செல்லும். முதலாவதை மட்டும் திறந்துவிட்டு மணிக்கணக்காகத் திண்டாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தொழிலில் உள்ள சிலர் இவ்வளவுக்கும் போகாமல், பகிர்வுக்கான கடவுச்சொல் பாதுகாப்பையே அணைத்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. அந்த ஆசிரியையின் வைஃபை கடவுச்சொல் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் எல்லோரிடமும் இருந்தது. அடுத்த கிழமைப் பரீட்சை வினாத்தாளோ அந்தக் கோப்புறைக்குள் இருந்தது. போதாததற்கு, 2024 இல் வெளியான விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பு, கடவுச்சொல் இல்லாமல் பெயரில்லா விருந்தினராக இன்னொரு கணினிக்குள் நுழைய இயல்பாகவே விடுவதில்லை என்பதால், அப்படித் திறந்துவிடப்பட்ட வீடுகளிலிருந்தும் இப்போது எனக்கு அழைப்பு வருகிறது.