இரண்டு கொழும்பும் ஒரு தோட்டமும்

இலங்கைத் தமிழ்ப் படங்களுக்கென்று நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறோம். படத்தின் பெயர், ஆண்டு, நடித்தவர்கள், அதோடு கதை எதைப் பற்றியது என்று சொல்லும் குறிச்சொற்கள். யார் வேண்டுமானாலும் குறிச்சொல் போடலாம் என்று திறந்துவிட்டிருந்தோம், ஒரே விஷயத்துக்கு நாலு பெயர் குவிந்துவிட்டது. அதையெல்லாம் ஒன்றாக்கும் வேலை என் தலையில் விழுந்தது. புறக்கோட்டையில் கணக்கு எழுதுகிறவன், இரட்டைப் பதிவு உனக்குப் பழக்கம்தானே என்று சொல்லி மாட்டிவிட்டார்கள்.

ஒரு வாரம் என்று நினைத்தேன். இரண்டரை மாதம் ஆனது.

முதல் நாள் எல்லாக் குறிச்சொற்களையும் எக்செல்லில் இறக்கி வரிசைப்படுத்தினால் ‘கொழும்பு’ இரண்டு தரம் நிற்கிறது. பின்னால் இடைவெளி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டும் பார்த்தேன், அதே கொழும்பு. ரொறன்ரோவில் இருந்து சர்வரைக் கவனிக்கும் தம்பிதான் எழுத்தை உரித்துக் காட்டினார். ஒன்றில் ‘கொ’வின் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியீடு, மற்றதில் கொம்பு தனி, கால் தனி. யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம்தான், திரையிலும் வித்தியாசம் தெரியாது, ஆனால் எங்கள் தரவுத்தளம் குறியீட்டை வைத்தே ஒப்பிடுவதால் அதற்கு இவை இரண்டு ஊர்கள். இப்படிப் பிரிந்து கிடக்கும் குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்.எஃப்.சி என்ற நெறிப்படுத்தலை மொத்தப் பட்டியலுக்கும் ஓடவிட்டதில் கொ, கோ வரிசை இரட்டைகள் ஒரே இரவில் தெரியவந்தன. இனி வரும் சொல் எதுவானாலும் அந்த வழியாகத்தான் உள்ளே வரும்.

அந்தச் சந்தோஷத்தில் அடுத்ததில் கைவைத்தோம். ‘பௌத்தம்’ என்று ஒன்று, ‘பெளத்தம்’ என்று இன்னொன்று. இரண்டாவதில் இருப்பது ஔகாரக் குறி இல்லை, பக்கத்தில் ள என்ற எழுத்தையே தட்டியிருக்கிறார்கள். இதை நெறிப்படுத்தல் பிடிக்காது, ஏனென்றால் யூனிகோடைப் பொறுத்தவரை அது வேறு எழுத்து. ‘அண்ணை, கொம்புக்குப் பின்னால ள வந்தா எல்லாத்தையும் மாத்திவிடுறன்’ என்றார் தம்பி. சரி என்றேன். நல்ல வேளை பிரதியில் ஓட்டினோம்: நான் குடியிருக்கும் வெள்ளவத்தை ‘வௌ்ளவத்தை’ ஆகிவிட்டது, வெள்ளமும் அப்படியே சிதைந்தது. ள-வுக்குப் பின்னால் புள்ளியோ வேறு குறியோ வந்தால் தொடாதே என்று நிபந்தனை போட்டு, மிஞ்சியதைக் கண்ணால் பார்த்துத் திருத்தினேன்.

எழுத்துக் கோளாறு இத்தோடு சரி. அடுத்தது சொல். பொலிஸ், போலீஸ், காவல்துறை மூன்றும் ஒன்றுதான், இங்கே எல்லோரும் எழுதுவது பொலிஸ், அதையே தலைச்சொல்லாக வைத்தோம். மீனவரையும் கடற்றொழிலாளரையும் சேர்த்தோம். தலைச்சொல் ஆகாத சொல்லை அழிக்காமல் மாற்றுப்பெயராக வைத்துக்கொண்டால் தேடுகிறவர் எதைத் தட்டினாலும் அங்கேயே வந்து சேர்வார், இதைச் செய்யாமல் யாரும் இணைக்கத் தொடங்காதீர்கள்.

இணைப்பு என்று பெரிதாகச் சொன்னாலும் உள்ளே நடப்பது படம்–குறிச்சொல் அட்டவணையில் பழைய சொல்லின் எண்ணை எடுத்துப் புதிய சொல்லின் எண்ணைப் போடுவது. சாதி, ஜாதி இரண்டையும் சேர்க்கும்போது பாதியில் பிழை காட்டி நின்றது. 1977இல் வந்த, இயக்குநர் பதிராஜாவின் ‘பொன்மணி’ படத்துக்கு யாரோ இரண்டையுமே போட்டிருந்தார்கள், மாற்றினால் ஒரே படத்துக்கு ஒரே சொல் இரண்டு தரம் வரும், அதை அட்டவணை ஏற்காது. இரண்டும் உள்ள படங்களில் பழையதை முதலில் நீக்கிவிட்டுத்தான் மற்றதை மாற்ற வேண்டும்.

அப்புறம் தோட்டம். இதில் முழுக்க என் பிழை. இரவு பதினொரு மணிக்கு, ‘தோட்டம்’, ‘தேயிலைத் தோட்டம்’ இரண்டையும் பார்த்து, மலையகப் படங்களாகத்தான் இருக்கும் என்று நினைத்து ஒன்றாக்கிவிட்டுப் படுத்தேன். காலையில் சாவகச்சேரிக்காரரான பெரியவர் ஒருவர் அழைத்தார். ‘தம்பி, யாழ்ப்பாணத்தில எப்ப இருந்து தேயிலை விளையுது?’ புகையிலைத் தோட்டமும் வெங்காயத் தோட்டமும் வரும் படங்களெல்லாம் தேயிலைக்குள் போயிருந்தன. கொழும்பிலோ தோட்டம் என்றால் வரிசை வீடுகள் நெருக்கிக் கிடக்கும் குடியிருப்பு, அந்தப் படங்களும் அங்கேதான் கிடந்தன. இத்தனைக்கும் என் விலாசத்திலேயே வத்தை இருக்கிறது, சிங்களத்தில் அதுவும் தோட்டம்தான்.

இணைத்ததைப் பிரிக்க வழியில்லை, எது எங்கிருந்து வந்தது என்ற தடமே போய்விடும். முந்தின இரவின் பிரதி இருந்ததால் தப்பித்தேன், ஆனால் அன்று காலை இரண்டு பேர் சேர்த்த விவரங்களைத் திரும்பக் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று, அதில் ஒருவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. இப்போது ஒவ்வொரு இணைப்பும் தனி அட்டவணையில் பதிவாகிறது: எந்தப் படம், பழைய சொல் எது, யார் மாற்றியது. தோட்டத்தை மூன்றாகப் பிரித்தேன், சந்தேகம் வந்த ஒவ்வொரு படத்தையும் கொஞ்சமாவது ஓடவிட்டுப் பார்த்துத்தான் போட்டேன். இரண்டரை மாதத்தில் பெரும் பங்கு அதற்கே போயிற்று.

1983இல் தமிழர்கள் தாக்கப்பட்டதைக் குறிக்கும் சொல்லுக்குத்தான் அதிகச் சண்டை. கறுப்பு ஜூலை, கருப்பு ஜூலை இரண்டும் எழுத்து வேறுபாடு, சேர்த்துவிட்டேன். ஆனால் ‘ஆடிக் கலவரம்’ என்பதை அதற்குள் போடலாமா? அடித்தவர்கள் ஒரு பக்கம், அடிபட்டவர்கள் ஒரு பக்கம், இதற்குக் கலவரம் என்று பெயரா என்று ஒருவர் வட்ஸ்அப்பில் கேட்டார், பாதிப் பேர் அவர் பக்கம். அம்மா இன்றைக்கும் கலவரம் என்றுதான் சொல்வார், அவர் அனுபவித்தவர். கடைசியில் ‘1983 ஜூலை’ என்று தலைச்சொல் வைத்து மற்ற எல்லாவற்றையும் மாற்றுப்பெயராக்கினோம்.

பஸ்ஸும் பேருந்தும் இன்னும் அப்படியே இருக்கின்றன. சேர்க்கலாம், அவசரமில்லை.