அண்ணா சாலையின் மறைந்த கட்டடங்கள்: வரைபடப் பணி எதுவரை வந்திருக்கிறது

மவுண்ட் ரோடு என்று அழைக்கப்பட்ட காலத்தில் சென்னை அண்ணா சாலையில் நின்று, இன்று இல்லாமற்போன கட்டடங்களையெல்லாம் நீளத் தாள்களில் குறிக்கும் பணியில், அண்ணா சிலை முதல் ஸ்பென்சர் வரையிலான பகுதி பெரும்பாலும் முடிந்துவிட்டது. பத்து மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்னும் அளவில் இன்றைய சாலையை வரைந்து, அதன்மேல் டிரேசிங் தாளை விரித்துப் பழைய கட்டடங்களைப் பென்சிலால் ஏற்றி வருகிறேன்.

மறைந்த கட்டடத்தின் இடத்தை அறிய, மறையாத கட்டடமே துணை. 1904இல் எழுந்த ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையும், 1879ஆம் ஆண்டின் பி. ஆர் அண்டு சன்ஸ் கடிகாரக் கடையின் மணிக்கூண்டும் பழைய அஞ்சலட்டைப் படங்களில் எங்கே தெரிகின்றன என்று பார்த்துக்கொண்டால், அவற்றையொட்டி மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பொருத்திவிடலாம். எல்பின்ஸ்டன் திரையரங்கு இருந்த இடத்தில் இன்று ரஹேஜா வளாகம் நிற்கிறது. வார்விக் மேஜர் என்பவர் 1913இல் தொடங்கிய எலெக்ட்ரிக் தியேட்டரோ இடிபடாமல் அஞ்சலக வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. அஞ்சல்தலை வாங்கச் செல்பவர்களுள் எத்தனை பேர் அதன் முக்கோண முகப்பை அண்ணாந்து பார்த்திருப்பார்கள் என்பது ஐயமே.

மிகுந்த நேரம் எடுத்துக்கொண்டது ஸ்பென்சர் பல்பொருள் அங்காடிதான். 1895ஆம் ஆண்டின் அந்தச் செங்கல் மாளிகை 1983இல் தீக்கிரையான பின், அதே நிலத்தில் ஸ்பென்சர் பிளாசா எழுந்துவிட்டதால், பழைய முகப்பின் கோடு எதுவும் தரையில் எஞ்சவில்லை. அருகிலுள்ள கன்னிமாரா ஹோட்டலையும் பின்னி சாலை முனையையும் அடையாளமாகக் கொண்டு, கூம்புக் கோபுரங்களின் வரிசையைத் தோராயமாகவே வரைய முடிந்தது. அந்த இடத்தை இப்போதைக்குப் புள்ளிக்கோடாக விட்டிருக்கிறேன்.

பணி வளர வளர, இடத்தோடு காரணத்தையும் நிறத்தால் காட்டுவது அவசியம் என்று தோன்றியது. தீயில் அழிந்தவற்றுக்குக் காவி, இடித்து அகற்றப்பட்டவற்றுக்குச் சிவப்பு. 2010இல் திறக்கப்பட்ட புதிய சட்டமன்ற வளாகத்துக்காக இடிக்கப்பட்ட பழைய அரசினர் மாளிகை சிவப்பில் வருகிறது. அந்த வளாகமும் பின்னர் மருத்துவமனையாகிவிட்டது வேறு கதை. 1897இல் கார்டில் கட்டடமாக எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்துக்கு எந்த நிறமும் பொருந்தவில்லை. 2006இல் அதை இடிக்கத் தொடங்கியபோது வழக்குத் தொடரப்பட்டு, உயர் நீதிமன்றம் தடுத்ததால் பாதி சிதைந்த நிலையில் அது நிற்கிறது. எனவே அதற்குச் சிவப்புக் கோடுகளை மட்டும் சாய்வாக இட்டிருக்கிறேன். தாள் முழுவதிலும் காவி மிகக் குறைவு.

அடுத்த தாள் ஸ்பென்சரிலிருந்து ஜெமினி மேம்பாலம் வரை. 1964இல் ஒரே வளாகத்தில் திறக்கப்பட்ட சஃபையர், எமரால்டு, ப்ளூ டைமண்டு ஆகிய மூன்று திரையரங்குகளின் எல்லைகளைத்தான் முதலில் குறிக்க வேண்டும்.