ஐந்தாவது எலும்பு: வியாசர்பாடியிலிருந்து ஒரு நாட்குறிப்பு

பிப்ரவரி 26, 2018, திங்கள்

ஃபுட்பால் மேட்ச் ஆரம்பித்ததே இரவு ஒன்றரை மணிக்கு. வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டதால் மொட்டை மாடிக்குப் போய் போனில் பார்த்தேன். பாரிஸ் மூன்று கோல், மார்செய் ஒன்றும் இல்லை. நிம்மதியாகப் போய்ப் படுத்திருக்க வேண்டிய மேட்ச். முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது, பாரிஸுக்கு ஆடுகிற எங்கள் பிரேசில் நெய்மாரின் வலது கால் மடங்கியது. யாரும் பெரிதாக அடிக்கவில்லை. பந்துக்காக ஓடியவர் பாதத்தை வைத்தார், அது புரண்டது, உடம்பின் பாரம் முழுக்க அதன் மேல் இறங்கியது. அழுதுகொண்டே ஸ்ட்ரெச்சரில் போனார்.

அவர் சும்மா சும்மா விழுகிறவர் என்று கேலி பேசுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. இன்றைக்கு விழுந்தது அப்படி இல்லை. காலையில் டீக்கடையில் டிவி முழுக்க ஸ்ரீதேவி செய்திதான், அதற்கு நடுவிலும் எங்கள் பெஞ்சில் நெய்மார் பேச்சுதான் ஓடியது. தெருவே பிரேசில் பக்கம் என்றால், எதிர்வீட்டு ஆட்டோ அண்ணன் அர்ஜென்டினா வெறியர். இன்றைக்கு அவரே வந்து, "இன்னாப்பா, கால் எப்டி இருக்காம்?" என்று கேட்டார். வீட்டில் ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை என்றால் விசாரிப்பது போலத்தான் கேட்டார்.

பிப்ரவரி 27, செவ்வாய்

கணுக்கால் சுளுக்கு, அதோடு வலது பாதத்தின் ஐந்தாவது மெட்டாடார்சல் எலும்பில் விரிசல் என்று கிளப் அறிவித்துவிட்டது.

படித்ததும் என் கை தானாக என் இடது பாதத்தின் வெளி ஓரத்துக்குப் போனது. சுண்டுவிரலில் இருந்து குதிகாலை நோக்கி வருடிக்கொண்டே வந்தால் பாதி வழியில் ஒரு முடிச்சு தட்டுப்படும். அந்த எலும்புதான். எனக்கு உடைந்தது 2007 கோடையில். வயது பதினெட்டு. முல்லை நகர் கிரவுண்டில், பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸ் மேட்ச். எக்ஸ்ரே எடுக்கவில்லை, நேராகப் போய்ப் புத்தூர்க் கட்டு போட்டுக்கொண்டோம். நாலு வாரம் ஆனதும் வீக்கம் வடிந்தது, நடக்க முடிந்தது. "நீ இல்லாம எப்டிடா ஃபைனல் ஆடுறது?" என்று டீம் மொத்தமும் வீட்டு வாசலில் வந்து நின்றது. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, பாசத்தில்தான் வந்தார்கள். ஆடினேன். இடைவேளைக்கு முன்னால் அதே இடத்தில் மறுபடி உடைந்தது. அதற்குப் பிறகு ஒரு முழு மேட்ச் ஆடியதில்லை.

அந்த வருஷம்தான் பெரியமேட்டில் பூட்ஸ் தைக்க உட்கார்ந்தேன். பதினோரு வருஷம் ஆகிறது.

மார்ச் 1, வியாழன்

ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது. முந்தாநாள்தான் பாரிஸ் கோச், ரியல் மாட்ரிட் மேட்ச்சுக்கு வந்தாலும் வரலாம் என்கிற மாதிரி பேசியிருந்தார். நெய்மாரின் அப்பா, குறைந்தது ஆறு வாரம் வர மாட்டான் என்று சொல்லிவிட்டார். அப்பா பக்கம்தான் நான்.

பசங்க வாட்ஸப்பில் ஒரே சண்டை. ஊசி போட்டுக்கொண்டு இந்த ஒரு மேட்ச் மட்டும் ஆடக்கூடாதா என்று கேட்கிறான் ஒருத்தன். 222 மில்லியன் யூரோ கொடுத்து வாங்கியது இதற்குத்தானே என்கிறான் இன்னொருத்தன். எனக்கு வயிறு எரிந்தது. காசு கொடுத்து ஆளை வாங்கலாம், எலும்பு ஒட்டுகிற நாளை வாங்க முடியுமா? அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைவு. மற்ற எலும்புகள் ஒட்டுகிற வேகத்தில் அது ஒட்டாது. வெளியே வலி போய்விடும், உள்ளே கோடு அப்படியே நிற்கும். அதனால்தான் ஆட்டக்காரர்களுக்கு உள்ளே திருகாணி வைத்து இறுக்குகிறார்கள். இந்த முறிவைப் பற்றி முதலில் விவரமாக எழுதிய டாக்டர் ராபர்ட் ஜோன்ஸ், 1902இல் எழுதினார். டான்ஸ் ஆடும்போது அவருக்கே இந்த எலும்பு உடைந்ததாம். இன்றைக்கும் இதற்கு ஜோன்ஸ் முறிவு என்றுதான் பெயர்.

இதையெல்லாம் குரூப்பில் போட்டேன். "அண்ணன் டாக்டராயிட்டாரு" என்று ஒரு பதில் வந்தது. பரவாயில்லை.

மார்ச் 4, ஞாயிறு

நேற்று ஆபரேஷன் முடிந்தது. பிரேசில் டீம் டாக்டர் ரோட்ரிகோ லஸ்மார்தான் செய்திருக்கிறார். இரண்டரையில் இருந்து மூன்று மாதம் என்று கணக்கு.

செய்த ஊர் பெலோ ஒரிசோன்ச். அந்தப் பெயரைக் கேட்டதும் தெருவில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. 2014 ஜூலை 8, அந்த ஊரில்தான் உலகக் கோப்பையில் பிரேசிலுக்கு எதிராக ஜெர்மனி ஏழு கோல் போட்டது. அதற்கு நாலு நாள் முன்னால் கொலம்பியா மேட்ச்சில் முதுகில் முட்டி இடித்து, நெய்மாருக்கு முதுகெலும்பு உடைந்திருந்தது. தேசிய கீதம் பாடும்போது டேவிட் லூயிஸ் நெய்மாரின் பத்தாம் நம்பர் ஜெர்சியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நம் தெருவில் டிவியை வாசலில் வைத்து, குழந்தைகள் கன்னத்தில் மஞ்சள் பூசி உட்கார்ந்திருந்தோம். அரை மணி நேரத்தில் ஐந்து கோல். அடுத்த நாள் காலை குழாயடியில்கூடச் சத்தமில்லை.

இப்போது அதே ஊரில் அவருக்குக் கால் சரியாகட்டும் என்று அம்மா விளக்கேற்றினார். நெய்மார் யார் என்று அம்மாவுக்கு நன்றாகவே தெரியும். சுவரில் வரைந்திருக்கிறோமே.

மார்ச் 7, புதன்

ரியல் மாட்ரிட் பாரிஸிலேயே வந்து 2-1. இரண்டு மேட்ச் சேர்த்து 5-2. சாம்பியன்ஸ் லீகில் இருந்து பாரிஸ் வெளியே. அவர் இருந்திருந்தால் என்று ஆரம்பிக்கிறவர்களோடு இன்றைக்குப் பேசவில்லை.

மார்ச் 14, புதன்

நேற்று நேரு ஸ்டேடியம் போனேன். கடையில் இருந்து நடக்கிற தூரம்தான். சென்னையின் எஃப்சி, கோவா, இந்தியன் சூப்பர் லீக் செமிஃபைனல். 3-0. ஜேஜே இரண்டு, நம்ம தனபால் கணேஷ் ஒன்று. வியாசர்பாடிப் பையன் தலையைக் கொடுத்து கோல் போட்டபோது நான் உட்கார்ந்திருந்த வரிசையில் பாதிப் பேர் ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டு அழுதோம்.

ஆனால் இன்றைக்கு நான் எழுத வந்தது வேறு. எங்கள் ஏரியா டீமில் நடுவில் ஆடுகிற ஒரு பையன், பதினாறு வயது, போன வாரம் பூட்ஸைக் கொடுத்துவிட்டுப் போனான். சோல் பிரிந்திருக்கிறது, ஒட்டிக் கொடுங்கண்ணா என்றான். சொல்யூஷன் தடவுவதற்கு முன்னால் திருப்பிப் பார்த்தேன். இடது பூட்ஸில் வெளி ஓரத்து ஸ்டட் மட்டும் ரொம்பத் தேய்ந்து சோலோடு சமமாகியிருந்தது. உள்பக்க ஸ்டட் புதுசு மாதிரி. இன்சோலைத் தூக்கினால், வெளி ஓரத்தில் பழைய பனியன் துணியை நாலாக மடித்து வைத்திருக்கிறான். சுண்டுவிரல் பக்கம் அந்தத் துணி கெட்டிப்பட்டுப் போயிருந்தது. கால் வலிக்கிற இடத்துக்கு மெத்தை வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருக்கிறான்.

இன்று வாங்க வந்தபோது ஸ்டூலில் உட்கார வைத்து, அந்த முடிச்சைக் கட்டை விரலால் லேசாக அழுத்தினேன். உதட்டைக் கடித்துக்கொண்டான். எத்தனை நாளாக என்று கேட்டால், "பொங்கல்ல இருந்துண்ணா. ஓட ஆரம்பிச்சா சூட்டுல தெரியாது" என்கிறான். கடையைச் சாத்திவிட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். எக்ஸ்ரேயில் மயிரிழைக் கோடு. இன்னும் முழுசாக உடையவில்லை. ஆறு வாரம் கால் ஊன்றக் கூடாது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக. கோடை டோர்னமென்ட் எதுவும் கிடையாது என்று டாக்டர் சொன்னதும் பையன் என்னைத்தான் முறைத்தான்.

மார்ச் 18, ஞாயிறு

சாம்பியன்! பெங்களூரை பெங்களூரிலேயே 3-2. தலையால் இரண்டு கோல் போட்டவர் மைல்சன் ஆல்வஸ், பிரேசில்காரர். எங்களுக்கு இதைவிட என்ன வேண்டும். ராத்திரி இரண்டு மணி வரை பட்டாசு.

பையன் வீட்டு வாசலில் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். சிரிக்கவில்லை.

ஏப்ரல் 12, வியாழன்

ஊர் முழுக்க வேறு பேச்சு. காவிரிப் போராட்டத்தில் சிஎஸ்கே மேட்ச் எல்லாம் சேப்பாக்கத்தை விட்டே போகிறது. இரண்டு வருஷம் காத்திருந்து ஒரே ஒரு மேட்ச்.

இன்றைய தேதி இன்னொரு காரணத்துக்காக ஞாபகத்தில் இருக்கிறது. 2000ஆம் வருஷம் ஏப்ரல் 12, ரோமில் லாசியோவோடு ஃபைனல். முட்டி ஆபரேஷன் முடிந்து மாதக்கணக்கில் வெளியே இருந்த பிரேசில் ரொனால்டோ இன்டர் மிலானுக்காக இறங்கினார். ஆறேழு நிமிடம்தான். எதிரே ஆளை ஏமாற்ற ஒரு அசைப்பு, அதே முட்டி போய்விட்டது. எங்கள் கோச் அந்தக் காட்சியை பசங்களுக்குப் போட்டே காட்டுவார். அப்புறம் ரொனால்டோ ரொம்ப காலம் கழித்துத்தான் வந்தார், 2002 உலகக் கோப்பையில் எட்டு கோல் போட்டுக் கோப்பையைத் தூக்கினார். இரண்டாவது தடவை பொறுத்ததால் கிடைத்தது அது என்பார் கோச்.

அதே 2002இல் இங்கிலாந்து பெக்காம் கதையும் உண்டு. ஏப்ரலில் பாதத்து எலும்பு உடைந்து, ஜூனில் உலகக் கோப்பைக்கே வந்துவிட்டார். கால் இறுதியில் நம்ம பிரேசிலோடு ஆடும்போது, கோட்டோரம் காலை நீட்டி வந்தவர்களைப் பார்த்து எகிறிக் குதித்தார். பந்து நம்மிடம் வந்தது, ரிவால்டோ கோல் போட்டார். உடைந்த காலுக்குப் பயந்துதான் குதித்தார் என்று அன்றைக்குப் பலரும் பேசினார்கள். நாங்களும் கைதட்டினோம். இப்போது நினைத்தால் அந்த மனுஷனைத் தப்புச் சொல்லத் தோன்றவில்லை. உடைந்த இடத்தை உடம்பு மறக்காது. எனக்கு இன்றைக்கும் பஸ்ஸில் யாராவது இடது பக்கம் வந்து நின்றால் கால் தானாகப் பின்னால் போகிறது.

மே 15, செவ்வாய்

பிரேசில் கோச் டிட்டே நேற்று உலகக் கோப்பை டீமை அறிவித்துவிட்டார். நெய்மார் இருக்கிறார். டானி ஆல்வஸ் இல்லை, முட்டி. ஒரு கண்ணில் சந்தோஷம், ஒரு கண்ணில் வருத்தம்.

அக்னி நட்சத்திர வெயில். தார் ரோட்டில் செருப்பு ஒட்டுகிறது. பசங்க சாயங்காலம் ஏணி போட்டு சுவருக்குப் புது மஞ்சள் அடிக்கிறார்கள். "முதல் மேட்ச்ல இருந்தே ஆடணும்" என்று கத்தினான் ஒருத்தன். எனக்கும் அதே ஆசைதான், இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் சுவிட்சர்லாந்தோடு உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசி மேட்ச்சுக்கு வந்தாலும் எனக்குச் சம்மதம்.

பையனின் அம்மா கடைக்கு வந்தார். ஊன்றி நடக்கிறான், ஆனால் டீமில் யாரும் வீட்டுப் பக்கம் வருவதில்லையாம். "நெய்மாருக்கு இன்னா ஆச்சுன்னு தெனம் கேக்குறானுங்க, எம்புள்ளைக்கு இன்னா ஆச்சுன்னு கேக்க ஒருத்தன் இல்லியேண்ணா." அந்த வார்த்தை ராத்திரி முழுக்க மனசில் அறுத்தது. குரூப்பில் அப்படியே எழுதிப் போட்டேன். அரை மணி நேரம் ஒரு பதிலும் இல்லை. அப்புறம் ஆட்டோ அண்ணன், "நாளைக்கு சாயங்காலம் போறோம், எல்லாரும் வாங்க" என்று போட்டார். அவருக்கு இந்த டீமோடு சம்பந்தமே கிடையாது.

மே 23, புதன்

தூத்துக்குடியில் சுட்டிருக்கிறார்கள். பந்தைப் பற்றி எழுத மனசில்லை.

ஜூன் 3, ஞாயிறு, இரவு

ஏழரை மணிக்கு லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் குரோஷியாவோடு பிரேசில் மேட்ச். டிவியை மறுபடி வாசலுக்குக் கொண்டுவந்தோம், 2014க்குப் பிறகு இப்போதுதான். பையனுக்கு முன்வரிசையில் நாற்காலி, காலை வைக்க ஒரு ஸ்டூல். ஸ்டூல் வேண்டாம் என்றான். ஆட்டோ அண்ணன் விடவில்லை.

முதல் பாதி நெய்மார் பெஞ்சில். இரண்டாம் பாதிக்கு இறங்கியபோது தெருவே எழுந்து நின்றது. நான் பந்தைப் பார்க்கவில்லை. அவர் வலது பாதத்தை எப்படி வைக்கிறார் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் சில நிமிடம் திரும்பும்போது ஒரு தயக்கம் இருந்தது. ஒரு தடவை இடித்துத் தள்ளினார்கள், எழுந்து ஓடினார், அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அறுபத்தொன்பதாவது நிமிடம், கோடின்யோ கொடுத்த பந்து, பெனால்டி பெட்டிக்குள் இரண்டு பேரை நகர வைத்துவிட்டு மேலே தூக்கி அடித்தார். கோல். யார் யாரைக் கட்டிப்பிடித்தோம் என்று தெரியவில்லை. கடைசியில் ஃபிர்மினோவும் ஒன்று போட்டார்.

பிப்ரவரி 25இல் இருந்து எண்ணினால் இன்று 98ஆவது நாள். பையன் விரல் விட்டுக் கணக்குப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான். "எனக்கு 81 ஆச்சுண்ணா. இன்னும் பதினேழு நாள்ல ஆடலாமா?"

"புதன்கெழம எக்ஸ்ரே இருக்கு. டாக்டர் சொல்லட்டும். அது வரைக்கும் பூட்ஸ் கடையிலயே தொங்கட்டும்."

கொஞ்ச நேரம் டிவியையே பார்த்தான். அப்புறம் ஸ்டூலை இழுத்து, காலைத் தூக்கி அதன் மேல் வைத்துக்கொண்டான்.