திரைக்கு அந்தப்பக்கம் ஒரு சேக்காளி

மேலூர்ப் பக்கம் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், மலேசியாவில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளோடு காணொளியில் ஆங்கிலம் பேசிப் பழகுகிறார்கள். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், அதனால் காலை பீரியட்தான் தோது.

"பேர் என்ன, என்ன சாப்பிட்டே" என்று விட்டால் பேச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் ஒரு படத்தில் பாதியை அவர்களுக்கும் மீதியை இவர்களுக்கும் கொடுத்துவிடுவோம். கேட்டுக் கேட்டுத்தான் முழுப்படம் வரைய வேண்டும். அப்போது பார்க்கணுமே! வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகூட "நோ நோ, ட்ரீ லெஃப்ட் சைடு!" என்று கத்துகிறது. இலக்கணம் கிடக்கட்டும், எதிரே இருப்பவனுக்குப் புரிந்துவிட்டது இல்லையா?

2010இல் தென்கொரியாவின் தேகு நகரப் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லித்தர எங்கி என்ற ரோபோவை வகுப்புக்குள் விட்டார்கள். அதன் வழியாகப் பேசியவர்கள் பிலிப்பைன்ஸில் இருந்த ஆசிரியர்கள். ஆனால் திரையில் காட்டியதோ ஒரு வெள்ளைக்கார முகம். எனக்கு அது ஒப்பவில்லை. பேசுகிறவர் முகத்தையே காட்டினால் என்ன குறைந்துவிடும்?

எங்களிடம் ரோபோ எல்லாம் கிடையாது. இருப்பது ஒரே ஒரு மைக். அதைப் பிடிக்க நடக்கிற அடிதடி தனிக் கதை.